கடைசி சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டி

துக்கக் கறுப்பு உடுத்தியவள் டாக்ஸி வேனில் ஏறினால் கடைசி வரிசைக்குப் போய்விட வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. யார் கையையும் தொடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஒரு வருடத்துக்கு இப்படி. க்வாமாஷுவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பஜபுலிலே என்ற இவளும் எத்தனையோ கறுப்பு உடைக்காரிகளுக்கு முழங்காலை ஒதுக்கி வழிவிட்டிருக்கிறாள். அவர்கள் பின்னால் போய் உட்கார்ந்ததும் அவர்களை மறந்தும் இருக்கிறாள்.

இப்போது அவளே கறுப்புக்குள் இருந்தாள். கணவன் பெகுமூசியைப் புதைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவன் விட்டுப்போனது மழைக்கு ஒழுகும் இரண்டு அறை வீடு ஒன்று, பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை டாக்ஸி ஒன்று, அந்த டாக்ஸியின் கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. கம்பளம் ஒட்டிய பலகைக்குள் நான்கு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு இறைச்சிப் பானையின் மூடி அகலம். அவற்றை உலுக்கி எடுக்க இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள், அவற்றுக்கென்று தனியாக ஒரு பேட்டரி. எல்லாமாகச் சேர்த்து எழுபத்து மூவாயிரம் ராண்ட். அதில் பாதி, பள்ளிக்கூட வாசலில் எட்டு வருடம் அமக்வின்யா பொரித்து விற்றுக் கூரைக்கென்று பஜபுலிலே சேர்த்து வைத்த பணம். எண்ணெயில் உப்பி வரும் அந்த மாவு உருண்டைகள் ஒவ்வொன்றும் இரண்டு ராண்டுக்கு விற்பவை. எழுபத்து மூவாயிரம் என்பது எத்தனை உருண்டை என்று அவள் ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

வண்டியின் பின்கண்ணாடியில் ‘டூமா’ என்று பெரிதாக எழுதியிருந்தது. இடி முழக்கம் என்று பொருள். பெட்டி வந்த நாளிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை வந்தது. பள்ளி மாணவர்கள் மூன்று டாக்ஸிகளைப் போகவிட்டு டூமாவுக்காகக் காத்து நின்றார்கள். கடைசி வரிசைக்குச் சண்டை நடந்தது. பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் பற்கள் வரை அதிரும், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

அந்தச் சனிக்கிழமை டிரைவர் ஸ்கும்பூஸோ வாரப் பணத்தோடு வந்தான். துக்க வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று, பணத்தை முக்காலியில் வைத்தான்.

“மா, ஒரு ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சு போச்சு. ரெண்டு ஸ்பீக்கர்தான் பேசுது. டூமாவுக்கு இடி போயி இருமல் வந்திருச்சுன்னு பசங்க சிரிக்கிறாங்க.”

“இருமுனா இருமட்டும். எங்க தம்பி இருமக்கூட நேரமில்லாமப் போனான்” என்றாள் தோலகேலே. பெகுமூசியின் அக்கா. துக்க வருடம் முடியும்வரை தம்பி மனைவிக்குத் துணையாக இருப்பதற்கென்று வந்து, வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தவள்.

“அதோட டயர் நாலும் மொட்டை மா. போன வாரமே போலீஸ்காரன் குனிஞ்சு பாத்துட்டு என் முகத்தைப் பாத்தான். அடுத்த தடவை வண்டியவே இழுத்துட்டுப் போயிருவான்.”

“ரெண்டையும் மாத்த முடியுமா?” என்று பஜபுலிலே கேட்டாள். துக்கக்காரியின் குரல். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

“அதான் மா பிரச்சனையே. கையில இருக்கறதுக்கு ஒண்ணுதான் முடியும். ஒண்ணு டயரு, இல்லாட்டி ஆம்ப்ளிஃபையரு.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் தோலகேலே. “பெட்டிய வித்து டயரப் போடு. டயர் இல்லாம வண்டி ஓடுமா? பாட்டு இல்லாம ஓடும்.”

“ஓடும் பெரியம்மா. காலியா ஓடும்.”

“வாய்டா உனக்கு! இவ கறுப்பு உடுத்தி மூலையில உக்காந்திருக்கா. அவன் வண்டி மட்டும் தெருவுல கல்யாண ஊர்வலம் மாதிரி குதிச்சுக்கிட்டுப் போகுது. வண்டிக்குத் துக்கம் கிடையாதா?”

“வேணும்னா கறுப்பு பெயிண்ட் அடிச்சிரலாம் பெரியம்மா.”

“முதல்ல உன் நாக்குக்கு ஒரு பிரேக்கு மாட்டணும்.”

ஸ்கும்பூஸோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். “மா, நான் சொல்ல வேண்டியத சொல்லிடறேன். நம்ம ரூட்ல நாப்பது வண்டி ஓடுது. எல்லாம் வெள்ளை, எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டு. எதுக்காக ஒருத்தன் நம்ம வண்டியில ஏறணும்? அந்தச் சத்தத்துக்காகத்தான். அண்ணன் தெரிஞ்சுதான் செலவு பண்ணாரு. போட்ட காசு எப்பவோ திரும்பி வந்திருச்சு.”

“எங்க வந்துச்சு?” என்று தோலகேலே கூரையைக் காட்டினாள். அங்கே மூன்று இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

பஜபுலிலே அந்த பிளாஸ்டிக்கை அண்ணாந்து பார்த்தாள். கறுப்பு உடுத்தியவள் கையால் பொரித்ததை யாரும் வாங்கித் தின்னமாட்டார்கள். அவளுடைய அமக்வின்யா வியாபாரம் கணவனோடு சேர்ந்தே நின்றுபோயிற்று. இனி வருடம் முடியும்வரை டூமா கொண்டுவருவதுதான் சோறு. அது பெட்டி இருந்தால் வருமா, பெட்டி போனால் வருமா என்று தெரிந்துகொள்ள வேறு யாரிடம் கேட்பது? பெட்டியை வாங்கியவனிடம் கேட்டபோதே அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

எத்தனை முறை கேட்டிருப்பாள். “இதுக்கு இவ்வளவு காசு தேவையா?” என்பாள். அவன் லேசாகச் சிரிப்பான், அல்லது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். கடைசி இரண்டு வருடமும் அப்படித்தான். கூரையைப் பற்றிக் கேட்டாலும் அதே சிரிப்பு, தன் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாலும் அதே சிரிப்பு. வேறு எவளோ இருக்கிறாள் என்றுகூட நினைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றே பேசப் பழகிக்கொண்டாள்.

அவன் சாவதற்கு மூன்று வாரம் முன்பு, இரவெல்லாம் கூரை ஒழுகிய மறுநாள் காலை, சோள மாவுப் புட்டுவைக் கிளறிக்கொண்டே அடுப்பிடம் சொன்னாள்: “அந்தப் பெட்டிய கட்டிக்கிட்டே சாவு. உனக்கு நானும் வேண்டாம், வீடும் வேண்டாம்.” பின்னால் கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை. அவன் சாப்பிட்டு முடித்தான், சாவியை எடுத்தான், போனான்.

மூன்று வாரம் கழித்துச் சொன்னபடியே ஆயிற்று. நகரத்தில் மார்க்கெட் பக்கத்து டாக்ஸி நிலையத்தில் வண்டி வரிசையில் நின்றிருந்தது. பாட்டு போய்க்கொண்டிருந்தது. பெகுமூசி நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தான். அது அவன் வழக்கம். பாட்டு அடிமட்டத்துக்கு இறங்கும்போது நெற்றியை அப்படி வைத்துக்கொள்வான், அதை மாணவர்கள் நடித்துக்கூடக் காட்டுவார்கள். அதனால் யாரும் கவலைப்படவில்லை. முன்சீட்டில் இருந்த பெண் எல்லோரிடமும் வாங்கிய டிக்கெட் காசை எண்ணி அவன் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று பாட்டு முடிந்த பிறகுதான் அவள் அவன் தோளைத் தொட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் ஏதாவது முனகியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

அடுப்பிடம் சொன்ன சொல்லை பஜபுலிலே யாரிடமும் சொல்லவில்லை. புதைக்கும்வரை வழக்கப்படி பாயில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் அதுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். அதைச் சுமந்துகொண்டே போனான்.

திங்கட்கிழமை அவள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரூட் பெர்மிட்டை அவள் பேருக்கு மாற்றக் கையெழுத்து வேண்டும் என்று தாள் வந்திருந்தது. புதைத்த பிறகு முதல்முறையாக டூமாவில் ஏறினாள். கடைசி வரிசையில் நான்கு மாணவர்கள் இருந்தார்கள். கறுப்பைப் பார்த்ததும் மூச்சுக் காட்டாமல் எழுந்து முன்னால் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான்கு பேர் இடத்தில் அவள் ஒருத்தி, சன்னலோரம்.

முதுகுக்குப் பின்னால் பெட்டி. இத்தனை நாளில் அவள் முன்சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவள். இப்படி ஒரு அடியை வாங்கியதில்லை. பாட்டா அது? யாரோ உள்ளேயிருந்து கதவை இடிப்பது போலிருந்தது. பெட்டி பாதி செத்திருந்தும் ஒவ்வொரு இடிக்கும் விலா எலும்பு அசைந்தது. இதற்காகவா என்று நினைத்தாள். இதற்காகவா என் கூரை?

“இருமுது பாரு, இருமுது!” என்று முன்னால் ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் பிள்ளை திரும்பிக் கறுப்பைப் பார்த்து அவன் தொடையைக் கிள்ளினாள்.

அலுவலகம் வந்தது. டூமாவில் யாரும் கத்தி வண்டியை நிறுத்தச் சொல்வதில்லை, கத்தினாலும் கேட்காது. கையைத் தூக்கினால் போதும். டிரைவர் தலைக்கு மேலே பெகுமூசி மாட்டியிருந்த அகலமான கண்ணாடியில் பார்த்து நிறுத்துவான். அந்தக் கண்ணாடி வந்தபோது, பொம்பளைப் பிள்ளைகளைப் பார்க்க மாட்டியிருக்கிறான் என்று டாக்ஸி நிலையமே கேலி செய்தது. பஜபுலிலேயும் அதற்கு ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டாள்.

அவள் கையைத் தூக்கினாள். ஸ்கும்பூஸோ அந்தக் கண்ணாடிமேல் தன் தொப்பியை மாட்டியிருந்தான். பின்னாலிருந்து வெயில் அடித்துக் கண் கூசுகிறது என்று முன்பே சொல்லியிருந்தான். அலுவலகத்தின் மஞ்சள் சுவர் சன்னலில் வந்து போயிற்று. அவள் கை மேலேயே இருந்தது. முன்னால் இருப்பவர் முதுகைத் தட்டலாம் என்றால் தொடக் கூடாது. வாயைத் திறந்தாள். கறுப்பு உடையில் ஒரு பெண் கத்துவதை அந்த வண்டி முழுவதும் திரும்பிப் பார்ப்பதை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

நகரத்தில் கடைசி நிறுத்தம் வரை போய், வெயிலில் திரும்பி நடந்தாள். அலுவலகத்தில் அன்றைய டோக்கன் தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமை காலை வா என்றார்கள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். பெட்டி போகட்டும்.

வியாழக்கிழமை மாணவர்களை இறக்கிவிட்டு, அவளையும் கையெழுத்துக்குக் கூட்டிப்போய், ஸ்கும்பூஸோ வண்டியை நேராகப் பக்கத்து ஊர் பீனிக்ஸுக்கு ஓட்டினான். பெட்டியை மாட்டிய கடை அங்கேதான். கடைக்காரர் ரிக்கி, ஐம்பது வயது இந்தியர், காதில் பென்சில். வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தவர், உள்ளே கறுப்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“எழவுக்கு வந்தேன் அக்கா. கூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” கையை நீட்டப் போனவர், நினைவு வந்து மார்பில் வைத்துக்கொண்டார். “உம்லாசியிலருந்து ஒரு டாக்ஸிக்காரர் வர்றாரு. இருபத்திரெண்டாயிரம் தர்றாரு. இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க. இந்தச் சாமான் எல்லாம் கடைய விட்டு வெளிய போன அன்னிக்கே பாதி விலை.”

“அப்ப எதுக்கு வாங்க வெக்கறீங்க?” என்றான் ஸ்கும்பூஸோ.

“நான் எங்கடா வாங்க வெச்சேன்? பாதி விலையில ஒண்ணு காட்டினேன், அதுவே போதும்னு சொன்னேன். உங்கண்ணன் கேக்கல.”

பஜபுலிலேக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. பின்கதவைத் திறந்து ரிக்கி ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். பெட்டி வெளியே வர இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பின்னால் இத்தனை நாள் சேர்ந்த பென்சில் துண்டுகள், சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒரு பள்ளிக்கூட டை. உம்லாசிக்காரர் வந்தார், பெட்டியை முட்டியால் தட்டிப் பார்த்தார், பணத்தை மேசையில் வைத்தார். பெட்டி அவர் வண்டிக்குள் போயிற்று. சீக்கிரம் முடிந்துவிட்டது.

ரிக்கி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு டூமாவின் முன்பக்கம் போனார். மேலே தொங்கிய தொப்பியை எடுத்து ஸ்கும்பூஸோவிடம் வீசினார்.

“இந்தக் கண்ணாடியையும் கழட்டிரட்டுமா அக்கா? இனி இது எதுக்கு? இவன் காது நல்லாத்தானே இருக்கு.”

பஜபுலிலே நிமிர்ந்தாள். “காதா?”

“ஆமா. இவனுக்குத்தான் பயணிங்க பேசறது கேக்குமே. வாயப் பாக்கணும்னு இல்லையே.”

அவள் எழுந்து வண்டியருகே வந்தாள். ரிக்கிக்கு ஏதோ தட்டுப்பட்டது. துணியை மடித்தார், பிரித்தார்.

“அக்கா, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“என்ன தெரியணும்?”

“அவருக்குக் காது போயிருச்சுன்னு. இடது காது சுத்தமா. வலதுல பக்கத்துல வந்து கத்துனா கொஞ்சம்.”

“எப்பருந்து?”

“என்கிட்ட வந்தப்பவே அப்படித்தான். ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்.”

“இந்தப் பெட்டியாலயா போச்சு?”

“இல்லக்கா. காது போனதாலதான் பெட்டியே.”

ஸ்கும்பூஸோ தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

ரிக்கி குரலைத் தாழ்த்தினார். அவள் எவ்வளவு மெல்லப் பேசினாளோ அவ்வளவு மெல்ல அவரும் பேசினார். “கேக்காதுன்னு தெரிஞ்சா டிரைவர் பெர்மிட்ட பிடுங்கிருவாங்க. சாதாரண வண்டின்னா ஒரே நாள்ல மாட்டிப்பாரு. ஒரு கிழவி பின்னாலருந்து நிறுத்துன்னுவா, இவரு ஓட்டிக்கிட்டே போவாரு. ரெண்டு தடவை நடந்தா போதும், ஊரெல்லாம் தெரிஞ்சிரும். அதனாலதான் என்கிட்ட வந்து, ‘ரிக்கி, என் வண்டிக்குள்ள யார் பேசறதும் யாருக்கும் கேக்கக் கூடாது, அப்படி ஒண்ணு போடு’ன்னாரு. அந்தச் சத்தத்துக்குள்ள பதினைஞ்சு பேரும் செவிடுதான். அதுல இவர் ஒருத்தர மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எல்லாரும் கையத் தூக்குனாங்க. இவரு கண்ணாடியில பாத்தாரு. எனக்குத் தப்புன்னு தெரியும்க்கா. ரோட்டுல ஹார்ன் கேக்காதவரு. நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். பொழப்புன்னு வாய மூடிக்கிட்டேன்.”

“பாட்டாவது கேட்டுதா?”

“எங்க கேட்டுது. கடைசியில பாட்டு எதுன்னே அவருக்குத் தெரியாது. அடியில வர்ற இடிய மட்டும் கூட்டச் சொன்னாரு. நெத்திய வெச்சுப் பாத்துட்டு, ‘வருது, வருது’ன்னு சொல்வாரு.”

கடைக்கு வெளியே உம்லாசிக்காரர் வண்டியைக் கிளப்பி, ஒயரை மாட்டிப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார். தகரக் கூரை நடுங்கியது. பஜபுலிலே காலடியில் தரை அதிர்ந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

“முதுகு காட்டிப் பேசினா அவருக்குத் தெரியுமா?”

“என்னக்கா?”

“ஒருத்தங்க... அடுப்பப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டுப் பேசினா. பேசறாங்கன்னாவது தெரியுமா?”

ரிக்கி யோசித்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. “தெரியாதுக்கா. இங்கயே நான் குனிஞ்சு ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டு அரை மணி நேரம் பேசியிருக்கேன். நிமிந்து பாத்தா அவரு வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

அப்படியானால் அவன் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அவள் நெஞ்சில் வைத்திருந்த கல்லை, இது உன்னுடையது இல்லை என்று யாரோ சாதாரணமாக எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது. அடுத்த மூச்சு வருவதற்குள் மற்றவை வந்தன. கூரையைப் பற்றிச் சொன்னதும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னதும் கேட்கவில்லை. செத்த அன்று காலையில், ஏனென்று தெரியாமல் மனம் இளகி, “சீக்கிரம் வா, இன்னிக்குக் குடல் சமைக்கிறேன்” என்று சொல்லியிருந்தாள். அதுவும் அடுப்பிடம்தான். சாயங்காலம் வருவான் என்று சமைத்தும் வைத்தாள். இரண்டு வருடம் ஒரே வீட்டில் அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், அவன் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஊரிடம் ஒளிக்க எழுபத்து மூவாயிரம் ஆயிற்று. அவளிடம் ஒளிக்க ஒரு காசும் ஆகவில்லை. அவளேதான் திரும்பி நின்றாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“பயந்தாருக்கா. ‘அவ ஏற்கெனவே கோவமா இருக்கா, இதையும் சொன்னா வண்டியே வேண்டாம்பா’ன்னாரு.” ரிக்கி தயங்கி, வெளியே கைகாட்டினார். “அக்கா, வேணும்னா அவர்கிட்ட பேசிப் பாக்கட்டுமா? பணத்தத் திருப்பிக் குடுத்துட்டா...”

உம்லாசிக்காரர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மேசையில் பணம் இருந்தது. டூமாவின் முன் டயர், நகத்தால் தேய்த்தால் கம்பி தெரியும் அளவுக்கு மொட்டையாக, அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. பெட்டியைத் திரும்ப வாங்கினால் அது பாதிப் பெட்டிதான். மீதிப் பாதியைப் பேச வைக்கப் பணம் இல்லை. அப்படியே பேசினாலும் அது யாரை ஒளித்து வைக்கப் போகிறது?

“வேண்டாம். கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. நான் எடுத்துக்கறேன்.”

ரிக்கி அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அவள் கையைத் தொடாமல் நாற்காலியில் வைத்தார்.

மதியத்துக்கு மேல் ஸ்கும்பூஸோ மார்க்கெட் பக்கத்து நிலையத்தில் வரிசையில் நின்றான். வண்டி நிறைந்த பிறகுதான் வீட்டுப் பக்கம் போக முடியும். பஜபுலிலே கடைசி வரிசையில் கண்ணாடிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது. வெட்டிய ஒயர்கள் தொங்கின.

“மா” என்றான் ஸ்கும்பூஸோ திரும்பாமலே. “நான் அண்ணன்கூட ஒன்றரை வருஷம் ஞாயித்துக்கிழமை மாத்தி ஓட்டியிருக்கேன். சாவி குடுக்கறப்ப பேசுவேன், சிரிப்பாரு. பெரிய ஆளு, நம்மகிட்ட எதுக்குப் பேசணும்னு நினைக்கறாருன்னு நினைச்சேன்.”

அவள் மடியிலிருந்த பொட்டலத்தைச் சரிசெய்தாள்.

“டயர நாளைக்குப் போட்டுடறேன். ஆனா... மாசக் கடைசியில நான் வேற வண்டி பாத்துக்கறேன் மா. கோவிச்சுக்காதீங்க. பாட்டு இல்லாத வண்டியில எனக்கு ஆள் பிடிக்கத் தெரியாது.”

“சரி” என்றாள்.

வெகுநேரம் காத்தும் நிரம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நகரத்தில் சுற்றிய மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள், பின்கண்ணாடியில் பெயரைப் படித்தார்கள், தலையை உள்ளே நீட்டினார்கள். “டூமாவா இது? பாட்டு எங்க?” என்றான் ஒருவன். “செத்துப்போச்சு” என்றான் இன்னொருவன். கறுப்பைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்தான். கடைசியில் இரண்டு தேவாலயத்து அம்மாக்கள், சிமெண்ட் படிந்த பூட்ஸ் போட்ட ஆண்கள் சிலர், கோழிக் கூடையோடு ஒருத்தி, இப்படி ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அதற்கு மேல் யாரும் வரவில்லை. வண்டி கிளம்பியது.

பஜபுலிலேக்கு எல்லாமே கேட்டது. வண்டிக்கு இத்தனை சத்தங்கள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கதவுத் தகடு நடுங்கியது, கோழி மூச்சுவிட்டது, முன்சீட்டுக்காரர் சில்லறையை விரலால் தள்ளி எண்ணினார்.

“எவ்வளவு நிம்மதியா இருக்கு பாத்தியா? முன்ன இதுல ஏறினா தலைவலி மாத்திரையோடதான் இறங்கணும்” என்றாள் ஒரு தேவாலயத்து அம்மா.

“அந்த டிரைவர் ஒரு மாதிரி. வணக்கம் சொன்னாக்கூடத் திரும்பச் சொல்லமாட்டான். சிரிப்பான், அவ்வளவுதான். திமிர்” என்றாள் மற்றவள்.

பின்னால் இருப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பஜபுலிலே சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்தித்தாள் ஒரு மூலையில் கிழிந்து, கண்ணாடியில் அவள் வாயும் மோவாயும் மட்டும் தெரிந்தன. மூடியிருந்த வாய். எந்தச் சொல்லும் அதில் படிக்கக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் சந்து நெருங்கியது. சூரியன் இன்னும் கூரைகளுக்கு மேலே இருந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. துக்கக்காரியின் குரலில், தனக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்:

“அடுத்த சந்துல.”

வண்டி உடனே வேகம் குறைத்தது. ஓரமாகப் போய் நின்றது.

அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்கும்பூஸோ திரும்பிப் பார்த்தான்.

“மா, சந்து வந்திருச்சு.”

“கேட்டுதா உனக்கு?”

“என்ன மா?”

“நான் சொன்னது.”

“கேட்டுச்சே.” அவன் குழம்பிப்போய் முன்சீட்டுக்காரரைப் பார்த்தான். “ஏன் மா, கேக்காம?”

தேவாலயத்து அம்மாக்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பஜபுலிலே பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நிறுத்தத்தில் நகரத்துக்குப் போகும் மாணவர்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். டூமா கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வரும்போது ஏறுவதற்காக அவர்கள் எப்போதும் அங்கே நிற்பவர்கள். வண்டி சத்தமில்லாமல் அவர்களைக் கடந்து போயிற்று. யாரும் தலை திருப்பவில்லை. அவர்கள் வேறு எங்கிருந்தோ வரப்போகும் ஒரு இடிக்காகக் காதைக் கொடுத்து நின்றார்கள்.